டோஃபு ஏன் சப்பென்று இருக்கிறது? (ஆசிய மசாலாக்களும் ஊறவைக்கும் வேலையும்)

ஜனவரி 6, இரவு 9.40 | ஊறுகால்

சோயாப் பாலில் செய்கிற டோஃபுவுக்குள் மசாலா இறங்கவே இறங்காது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

செய்தது இது: 400 கிராம் கெட்டி டோஃபு, 2 செமீ துண்டுகள். சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறல். காலையில் வாணலியில் போட்டால் வெளியே கரி, உள்ளே வெள்ளை. மசாலா பாதி வாணலியோடு ஒட்டிக்கொண்டது, மீதி எரிந்தது. கடித்தால் தண்ணீர்.

ஜனவரி 6, இரவு 10.25 | இரும்புச்சட்டி

ஊறவைத்த நேரம் போதாமல் இல்லை. வரிசைதான் தலைகீழ்.

கெட்டி டோஃபுவிலேயே ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஏற்கெனவே நனைந்திருக்கும் பஞ்சு அது, புதிதாக எதையும் குடிக்க இடமில்லை. அதில் எண்ணெய் கலந்த ஊறலை ஊற்றினால் எண்ணெய் துண்டைச் சுற்றிப் படலமாகி, உப்பு போகிற வழியையும் அடைக்கிறது.

அடுத்தது அடுப்பில் நடந்தது. துண்டின் மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க வேண்டுமானால் 140க்கு மேல் போக வேண்டும். டோஃபு தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க, வாணலியில் உதிர்ந்த பூண்டுத் துணுக்கும் சர்க்கரையும் மட்டும் தீய்ந்துவிட்டன. நீங்கள் பார்த்த கரி டோஃபுவுடையது இல்லை, ஊறலுடையது.

மாற்றிச் செய்யுங்கள்: முதலில் காயவைத்து வெறுமனே வறுக்கவும். சாஸைத் தனியாகக் கலந்து வைத்து, கடைசி 2 நிமிடத்தில் ஊற்றிப் புரட்டவும். இதே 400 கிராமுக்கு சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி. பூண்டு, இஞ்சி, மிளகாயைப் பொடியாக நறுக்கி, டோஃபுவை எடுத்த பிறகு அதே வாணலியில் புது எண்ணெயில் 30 நொடி வதக்கி, சாஸை விட்டு, பளபளவென்று கெட்டியானதும் டோஃபுவைத் திரும்பப் போட வேண்டும். ஊறல் என்ற சொல்லையே மறந்துவிடலாம்.

ஜனவரி 6, இரவு 10.41 | வெண்கட்டி

கடைசி வாக்கியம் அதிகப்படி. பிறகு வருகிறேன்.

ஜனவரி 7, காலை 7.15 | பாரக்கல்

காயவைப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. கட்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தட்டின் மேல் வைத்து, மேலே இன்னொரு தட்டு, அதன் மேல் ஒன்றரை கிலோ பாரம். 20 முதல் 30 நிமிடம். 400 கிராம் கட்டியிலிருந்து சுமார் 40 முதல் 60 மில்லி தண்ணீர் வடியும். அதற்கு மேல் பாரம் ஏற்றினால் ஓரம் வெடிக்கும். 5 கிலோ ஏற்றுகிறவர்களுக்கு டோஃபு மேல் என்ன கோபமோ.

ஜனவரி 7, காலை 11.02 | வெண்கட்டி

பாரம் ஏற்றவே தேவையில்லை. கொதித்த உப்புத் தண்ணீர் போதும்.

1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு 1 மேசைக்கரண்டி உப்பு போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வெட்டிய துண்டுகளை அதில் 15 நிமிடம் விடவும். எடுத்துத் துணியின் மேல் பரப்பி 10 நிமிடம். தண்ணீரை எடுக்கத் தண்ணீரில் போடுவதா என்று தோன்றும். சூட்டில் புரதவலை சுருங்கித் தன் தண்ணீரைத் தானே தள்ளுகிறது. வெளியே எடுத்ததும் சூடான மேல்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகப் போய்விடுகிறது. கூடவே உப்பும் ஓரளவு உள்ளே போகிறது, வேகாத பயறு வாடை போல ஒன்று வருமே, அதுவும் குறைகிறது. பாரம் வைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு வராது.

இரும்புச்சட்டிக்கு: உப்பு உள்ளே போகிறது என்றால் ஊறல் என்ற சொல்லை மறக்க முடியாது, இல்லையா?

ஜனவரி 7, மாலை 6.30 | இரும்புச்சட்டி

உப்பு போகும், ஒப்புக்கொள்கிறேன். பூண்டு மணம் போகாது. இரண்டும் ஒன்றில்லை.

ஜனவரி 7, இரவு 8.55 | ஊறுகால்

உப்புத் தண்ணீர் செய்து பார்த்தாயிற்று. வாணலியில் புரட்டியதும் துண்டுகள் நொறுங்கிக் கூழாகிவிட்டன. கணக்கு எங்கே?

ஜனவரி 7, இரவு 9.10 | பாரக்கல்

உறையில் என்ன எழுதியிருக்கிறது? சில்கன் என்றா?

ஜனவரி 7, இரவு 9.14 | ஊறுகால்

சில்கன் ஃபர்ம். ஃபர்ம் என்றால் கெட்டிதானே?

ஜனவரி 7, இரவு 9.50 | பாரக்கல்

கிடையாது. ஏமாறுகிற இடம் இதுதான்.

சில்கன் என்பது சோயாப் பாலைப் பெட்டியிலேயே உறையவைத்தது. திரித்துப் பிரிப்பதில்லை, வடிகட்டுவதில்லை, அழுத்துவதில்லை. பெரும்பாலும் குளுக்கோனோ டெல்டா லாக்டோன் என்ற உறைபொருளில் உறைந்திருக்கும். சில்கனிலேயே மென்மை, கெட்டி என்று வகை உண்டு, ஆனால் அதன் கெட்டி வகையே அழுத்திய டோஃபுவின் மென்மை வகையை விட மென்மை. வெட்டுமுகம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் சில்கன். நுண்ணிய துளைகளும் துணியின் தடமும் இருந்தால் அழுத்திய டோஃபு.

அழுத்திய டோஃபுவை நிகாரி, அதாவது மெக்னீசியம் குளோரைடு, அல்லது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட் போட்டுத் திரிப்பார்கள். உறையில் இந்தப் பெயர்கள் இருக்கும். நிகாரியில் திரித்தது பொதுவாகக் கொஞ்சம் முறுக்கானது, வறுவலுக்கு நல்லது. ஜிப்சம் மிருதுவாகத் திரியும், கால்சியமும் கூடுதல்.

வறுக்க, பொரிக்க: ஃபர்ம், எக்ஸ்ட்ரா ஃபர்ம். குழம்பாகக் கொதிக்கவைக்க: சாஃப்ட். சும்மா வெட்டி, மேலே சோயா சாஸும் துருவிய இஞ்சியும் போட்டுச் சில்லென்று சாப்பிட: சில்கன். ஜப்பானில் ஹியாயாக்கோ என்பது அதுதான், அடுப்பே வேண்டாம். கூழானதை வீணாக்காமல் சூப்பில் கலக்கிவிடுங்கள்.

ஜனவரி 9, பிற்பகல் 1.20 | கரண்டிக்காம்பு

மொறுமொறுப்புக்கு மேல்மாவு. 400 கிராமுக்கு சோள மாவு 2 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. துண்டுகளைக் காயவைத்து மாவில் புரட்டி, 3 மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு பக்கம் 4 நிமிடம் தொடாமல் விடவும். ஒட்டிக்கொண்டால் சுரண்டாதீர்கள். மேலோடு சிவந்ததும் தானே விடும்.

கத்தியால் வெட்டுவதை விடக் கையால் பிய்த்துப் போட்டால் சொரசொரப்பான முகங்களில் மாவும் சாஸும் நன்றாகப் பிடிக்கும். பார்க்க அழகாக இருக்காது.

ஜனவரி 9, மாலை 4.05 | ஊறுகால்

மாவு மஞ்சளாக வந்தது, மணல் போல உதிர்ந்தது.

ஜனவரி 9, மாலை 4.48 | கரண்டிக்காம்பு

என் தவறு. சோள மாவு என்ற ஒரே பெயரில் மூன்று பொருள் புழங்குகிறது. வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு ஒன்று. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவு இன்னொன்று. நான் சொன்னது கார்ன் ஃப்ளோர் என்று விற்கிற ஸ்டார்ச். தூய வெள்ளை, விரலிடையில் தேய்த்தால் கிறீச்சென்னும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கிடைத்தால் அது இன்னும் மேல், மேலோடு மெல்லியதாகக் கண்ணாடி போல வரும். அரிசி மாவை ஸ்டார்ச்சோடு பாதிக்குப் பாதி கலந்தால் சாஸில் போட்ட பிறகும் சில நிமிடம் கூடுதலாக மொறுமொறுப்பு நிற்கும்.

எதைப் போட்டாலும் புரட்டியவுடன் வாணலிக்குப் போக வேண்டும். மாவு தடவி 10 நிமிடம் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிப் பசையாகிவிடும். அப்புறம் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அடையாக வரும்.

ஜனவரி 10, காலை 8.30 | வெண்கட்டி

நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன், யாரும் பிடிக்கவில்லை. 1 மேசைக்கரண்டி உப்பு என்று எழுதினேன். தூளுப்பில் அது 18 கிராம் வரை வரும், கல்லுப்பில் கல்லின் அளவைப் பொறுத்து எடை மாறும். லிட்டருக்கு 15 கிராம் என்று நிறுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. மாவு தடவிப் பொரிப்பதானால் என் உப்புத் தண்ணீர் மட்டும் போதாது. அதற்குப் பிறகு துணியால் ஒவ்வொரு முகத்தையும் ஒற்றியெடுக்க வேண்டும். எக்ஸ்ட்ரா ஃபர்ம் இல்லாவிட்டால் பாரக்கல் சொன்ன பாரமும் 15 நிமிடம் வேண்டும். பாரமே வேண்டாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜனவரி 10, காலை 8.33 | பாரக்கல்

இந்தப் பதிவைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

ஜனவரி 14, இரவு 7.45 | இரும்புச்சட்டி

மாப்போ டோஃபு கேட்டுத் தனிச்செய்தி வந்தது. பொதுவிலேயே போடுகிறேன்.

ஊர் சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் செங்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே உணவுக்கடை வைத்திருந்த அம்மை வடு முகத்துப் பாட்டியின் பெயரால் வழங்குகிறது. மா என்றால் வடு, போ என்றால் கிழவி. மூலத்தில் மாட்டிறைச்சிக் கொத்து உண்டு. இறைச்சி வேண்டாதவர்கள் உலர்ந்த ஷிடாக்கே காளான் 4ஐ வெந்நீரில் அரை மணி ஊறவைத்துப் பொடியாக நறுக்கலாம். ஊறிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அதுதான் குழம்புத் தண்ணீர்.

சாஃப்ட் டோஃபு 400 கிராம், 2 செமீ துண்டு. லேசாகக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் 5 நிமிடம் விட்டு அப்படியே கிடக்கட்டும், வாணலிக்குப் போகும்போது எடுத்தால் போதும். இங்கே காயவைக்கிற வேலையே இல்லை. துண்டு சற்று இறுகி உடையாமல் நிற்பதற்குத்தான் இந்தச் சுடுநீர்.

எண்ணெய் 4 மேசைக்கரண்டி. குறைக்காதீர்கள். நடுத்தரத்துக்குக் கீழான தீயில் தோபான்ஜியாங் 2 மேசைக்கரண்டி, 1 முதல் 2 நிமிடம், எண்ணெய் செக்கச்செவேல் என்று பிரியும் வரை. இது ஃபாவா பீன்ஸும் மிளகாயும் உப்பும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுது. செங்டுவை ஒட்டிய பீசியன் என்ற இடத்தது பேர்பெற்றது. பீன்ஸ் முழுசாக இருந்தால் முதலில் கொத்திவிடுங்கள். தீ கூடினால் ஒரு நொடியில் கசந்துவிடும், கசந்தால் மீட்க வழியில்லை, கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பிறகு புளிக்கவைத்த கறுப்பு சோயா, தோசீ என்பார்கள், 1 மேசைக்கரண்டி அலசி நறுக்கியது. இஞ்சி, பூண்டு தலா 1 மேசைக்கரண்டி. மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, 10 நொடி. காளான். ஊறிய தண்ணீர் 250 மில்லி. கொதித்ததும் டோஃபு, 5 நிமிடம். கரண்டியால் கிளறாமல் கரண்டியின் முதுகால் தள்ளுங்கள்.

ஸ்டார்ச் 1 மேசைக்கரண்டியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து மூன்று தவணையாக விட வேண்டும், தவணைக்கு அரை நிமிட இடைவெளி. ஒரே தடவையில் விட்டால் முதலில் கெட்டியாகி, டோஃபு தண்ணீர் விட்டதும் நீர்த்துப் போகும். தவணையாக விட்டால் அது விடுகிற தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும்.

இறக்கியதும் வறுத்துப் பொடித்த சிச்சுவான் மிளகு 1 தேக்கரண்டி. உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகே. தோபான்ஜியாங், தோசீ இரண்டிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சோயா சாஸ் 1 தேக்கரண்டிக்கு மேல் போனால் கெட்டது.

ஜனவரி 14, இரவு 9.02 | ஊறுகால்

சிச்சுவான் மிளகுக்குப் பதில் சாதா மிளகு 1 தேக்கரண்டி போட்டேன். காரம் மேல் காரம்.

ஜனவரி 14, இரவு 9.30 | கரண்டிக்காம்பு

பெயரில் மட்டும்தான் மிளகு. எலுமிச்சை, ஆரஞ்சு சேர்ந்த தாவரக் குடும்பத்தது அது. வேலை காரம் இல்லை, நாக்கு மரத்துச் சுருசுருப்பது. அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடு நரம்புகளைத் தூண்டி, நொடிக்கு 50 தடவை அதிர்வது போன்ற உணர்வைத் தருகிறது. சாதா மிளகு அதற்கு ஈடாகாது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பதிலுக்கு எதையும் போடாதீர்கள். கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவினால் மணத்தில் ஒரு பங்காவது வரும், சுருசுருப்பு வராது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: தேவையானது ஓடுதான். உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அரைத்தாலும் மணலாக நெறிக்கும். ஓட்டை எண்ணெயில்லாமல் சிறுதீயில் 2 நிமிடம், மணம் எழும் வரை. ஆறியபின் பொடித்துச் சலிக்கவும். பொடித்தது இரண்டு வாரத்தில் உயிரை விட்டுவிடும். அதனால் முழுசாக வைத்திருந்து வேண்டும்போது பொடிப்பதே சரி.

இதே பொடி 1 பங்கு, வறுத்த உப்பு 2 பங்கு கலந்து வைத்தால் மாவு தடவிப் பொரித்த டோஃபு மேல் தூவலாம். சாஸ் தேவையில்லாத ஒரே வகை அதுதான். பொரித்து எடுத்த 30 நொடிக்குள் தூவ வேண்டும், எண்ணெய் வடிந்துவிட்டால் ஒட்டாது.

ஜனவரி 14, இரவு 9.41 | வெண்கட்டி

மேலே அம்மை வடுவுக்கு வந்த மா, மரத்துப்போவதற்கான மா, சீன எழுத்தில் இரண்டும் ஒன்றே. பாட்டியின் முகமும் நம் நாக்கும் ஒரே எழுத்தில்.

ஜனவரி 20, பகல் 12.10 | பாரக்கல்

உறையவைப்பதை யாரும் தொடவில்லை. தண்ணீரோடு அப்படியே ஃப்ரீசரில் ஒரு நாள், பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிழியவும். உள்ளிருந்த தண்ணீர் பனிப்படிகமாகிப் புரதத்தைத் துளைத்துவிடுகிறது. இளகியபின் நிஜப் பஞ்சு. உறைந்திருக்கும்போது மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம், இளகினால் வெளுக்கும். குளிர் மெதுவாக ஏறினால் படிகம் பெரிதாகும், துளையும் பெரிதாகும். அதனால் முழுக்கட்டியாகவே வையுங்கள், துண்டாக்கி வைத்தால் சீக்கிரம் உறைந்து துளை சிறுத்துவிடும்.

ஊறுகாலின் முதல் ஊறல், எண்ணெயும் சர்க்கரையும் இல்லாமல், இந்தப் பஞ்சில் 15 நிமிடத்தில் நடுவரை போகும். இரவு முழுக்க வேண்டாம்.

ஜப்பானின் கோயா மலையின் பெயரில் ஒரு உலர் டோஃபுவே இருக்கிறது, கோயா தோஃபு. உறையவைத்துப் பின் உலர்த்தியது, மாதக்கணக்கில் கெடாது, குழம்பில் போட்டால் மொத்தத்தையும் குடித்துவிடும்.

ஜனவரி 20, மாலை 5.55 | இரும்புச்சட்டி

கடிக்கும்போது சவ்வுத்தன்மை வரும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பிழிந்த டோஃபு மிருதுவாக இருக்காது, சிலருக்கு இறைச்சி போல, சிலருக்கு ரப்பர் போல. சில்கனை உறையவைத்தால் இன்னும் மோசம், அடுக்கடுக்காகப் பிரியும்.

ஜனவரி 20, மாலை 6.20 | பாரக்கல்

ரப்பர் என்பவர்கள் பிழிந்தபின் சாஸில் கொதிக்கவிடவில்லை, வறுத்திருப்பார்கள்.

பிப்ரவரி 2, காலை 10.15 | கரண்டிக்காம்பு

மொறுமொறுப்பு வேண்டாம், சாஸ் பிடித்தால் போதும் என்பவர்களுக்குக் கொரியாவின் துபு ஜோரிம். இந்த இழையில் இருப்பதிலேயே தவறு செய்யக் கடினமானது இதுதான்.

ஃபர்ம் டோஃபு 400 கிராம், 1 செமீ கனத்தில் பலகைகளாக. துணியில் ஒற்றி, 2 மேசைக்கரண்டி எண்ணெயில் இருபுறமும் 4 நிமிடம். மாவு வேண்டாம். சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 100 மில்லி, கொச்சுகாரு 1 மேசைக்கரண்டி, நறுக்கிய பூண்டு 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, வெங்காயத்தாள் 2. கலந்து பலகைகளின் மேல் ஊற்றி, நடுத்தீயில் 6 நிமிடம், கரண்டியால் எடுத்தெடுத்து மேலே விட்டுக்கொண்டே. அடியில் 3 மேசைக்கரண்டி சாஸ் மிஞ்சும்போது நிறுத்தவும். வறுத்த எள்ளெண்ணெய் 1 தேக்கரண்டி, எள்.

கொச்சுகாரு என்பது விதை நீக்கிய கொரகொரப்பான மிளகாய்த்தூள், நிறம் கூட, காரம் குறைவு. அதே அளவு சாதா மிளகாய்த்தூள் போட்டால் ஊறுகால் மறுபடி வந்து கணக்கு கேட்பார். 1 தேக்கரண்டியில் நிறுத்துங்கள்.

பிப்ரவரி 2, காலை 10.52 | ஊறுகால்

கேட்க மாட்டேன். வறுத்த எள்ளெண்ணெய் என்பது நல்லெண்ணெய்தானே?

பிப்ரவரி 2, காலை 11.30 | கரண்டிக்காம்பு

இல்லை. நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டியது. இங்கே வேண்டியது எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்துப் பிழிந்தது, நிறம் தேன் போல, மணம் பத்தடிக்கு. வதக்க ஆகாது, சூட்டில் மணம் ஓடிவிடும். அடுப்பை அணைத்தபின் ஊற்றுவது. அது இல்லையென்றால் 1 மேசைக்கரண்டி எள்ளைக் கருகாமல் சிவக்க வறுத்து இடித்துப் போடுங்கள், நல்லெண்ணெயை விட அது நெருங்கி வரும்.

சோயா சாஸிலும் இதே குழப்பம் உண்டு. லைட் என்றால் உப்பு குறைவு என்று பொருளில்லை. நிறம் வெளிறியது, பெரும்பாலும் உப்பு கூடுதல். டார்க் நிறத்துக்கு மட்டும், 1 தேக்கரண்டி போதும்.

பிப்ரவரி 3, இரவு 8.18 | வெண்கட்டி

எலுமிச்சைப் புல் டோஃபு, வியட்நாம் பாணி. அளவை விடப் புல்லை நறுக்குவதுதான் விஷயம். அடித்தண்டின் வெளிறிய 6 செமீ மட்டும். வெளி மடல் இரண்டை உரித்து, கத்தியின் முதுகால் நசுக்கி, குறுக்கே காகிதம் போல அரிந்து, பிறகு கொத்தி. நார் பல்லில் சிக்கினால் இதில் ஒரு படி தவறியிருக்கிறது. 400 கிராமுக்கு 3 மேசைக்கரண்டி கொத்தல், பூண்டு 3 பல், சிவப்பு மிளகாய் 2, உப்பு அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி.

முன்னமே தடவினால் டோஃபு சிவப்பதற்குள் புல் கருகும். டோஃபு முக்கால் பங்கு வெந்தபின் வாணலியின் ஓரத்தில் 1 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அதில் புல்லை 1 நிமிடம் பொரித்து, பிறகு ஒன்றாகப் புரட்டவும். மணம் எண்ணெயில் இறங்க வேண்டும், எண்ணெய் டோஃபுவின் மேல் இருக்க வேண்டும். இரும்புச்சட்டியின் வரிசையேதான், மறுக்கவில்லை.

பிப்ரவரி 9, மாலை 3.40 | பாரக்கல்

அன்னாசிப்பூ, பட்டை சேர்த்த சோயா நீரில் டோஃபுவை வேகவைத்து, அதிலேயே ஆறவிட்டால் ஆறும்போதுதான் உறிஞ்சும் என்கிறார்கள். செய்முறை: தண்ணீர் 500 மில்லி, லைட் சோயா 4 மேசைக்கரண்டி, டார்க் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, அன்னாசிப்பூ 2, பட்டை 5 செமீ, கிராம்பு 2, சோம்பு அரைத் தேக்கரண்டி, சிச்சுவான் மிளகு 1 தேக்கரண்டி. நன்கு அழுத்திய டோஃபு, 20 நிமிடம் சிறுதீ, இரவு முழுக்க அதே நீரில் ஃப்ரிட்ஜில். மறுநாள் மெல்லிசாக அரிந்து சில்லென்றோ வதக்கியோ. அன்னாசிப்பூ 2ஐத் தாண்டினால் இருமல் மருந்து.

பிப்ரவரி 9, இரவு 7.05 | இரும்புச்சட்டி

ஆறும்போது உறிஞ்சும் என்பதில் அரை உண்மை. உப்பும் சர்க்கரையும் சூட்டில்தான் வேகமாக நகரும், குளிரில் மெதுவாக. ஆறவிடுவதில் கிடைப்பது நேரம். அந்த நேரம் முழுக்கக் கொதிக்கவிட்டால் டோஃபு தேன்கூடு போலத் துளைவிட்டு முறுகிவிடும். அதனால்தான் அணைத்துவிட்டு நேரத்தை மட்டும் கொடுக்கிறோம்.

பிப்ரவரி 9, இரவு 7.20 | வெண்கட்டி

ஆக, ஊறவைக்கிறோம்.

பிப்ரவரி 9, இரவு 7.21 | இரும்புச்சட்டி

...

பிப்ரவரி 11, காலை 9.00 | கரண்டிக்காம்பு

திசை மாறுகிறது, மன்னிக்கவும். மியான்மரின் ஷான் டோஃபுவும் இதே வழியில் வருமா என்று ஒரு கேள்வி. அது சோயாவே இல்லை. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து மஞ்சளும் உப்பும் போட்டுக் கிளறி உறையவைத்தது. உறைபொருள் கிடையாது, மாவின் ஸ்டார்ச்சே பிடிக்கிறது. 1 பங்கு மாவுக்கு 3 பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கை ஓயாமல் 10 நிமிடம், கரண்டியிலிருந்து கனமாக விழும்போது எண்ணெய் தடவிய தட்டில். பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே களி. பாரம், உப்புத் தண்ணீர், ஃப்ரீசர் எதுவும் இதற்குப் பொருந்தாது. பெயரைப் பார்த்துப் பிழியப் போனால் விரலிடுக்கில் வழியும்.

பிப்ரவரி 18, இரவு 10.10 | இரும்புச்சட்டி

ஜனவரி 6இல் ஊறல் என்ற சொல்லையே மறந்துவிடலாம் என்று எழுதினேன். முதலில் வறு, பிறகு சாஸ் என்பதுதான் ஒரே வரிசை என்ற தொனியும் அதில் இருந்தது. இரண்டையும் திருத்த வேண்டும். திருத்தவைத்தது ஜாவாவின் தாஹு பாச்செம்.

அதில் வரிசை நேர் எதிர். டோஃபு 400 கிராம், பெரிய துண்டுகள். இளநீர் 500 மில்லி, பனைவெல்லம் 70 கிராம், சின்ன வெங்காயம் 5, பூண்டு 3 பல், கொத்தமல்லி விதை 2 தேக்கரண்டி, இந்த மூன்றும் அரைத்தது. பேரரத்தை 2 செமீ நசுக்கியது, புளி ஒரு கோலியளவு, உப்பு 1 தேக்கரண்டி. சலாம் இலை கிடைத்தால் 2. பிரிஞ்சி இலை அதற்கு மாற்றில்லை, விட்டுவிடலாம். மூடாமல் சிறுதீயில் 40 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி, நீர் கிட்டத்தட்ட வற்றும் வரை. ஆறியபின், சாப்பிடும் நேரத்தில், எண்ணெயில் ஒரு பக்கம் 1 நிமிடம். வெல்லம் ஏறியிருப்பதால் அதற்கு மேல் தாங்காது, அடர்பழுப்பு ஆனதும் எடுத்துவிட வேண்டும். வெட்டிப் பார்த்தால் நடுவரை பழுப்பு.

இங்கே மட்டும் ஏன் உள்ளே போயிற்று என்றால், எண்ணெய் ஒரு துளி கூட இல்லாத நீர், நீளமான நேரம், வற்ற வற்ற ஏறுகிற அடர்த்தி. நீரில் கரைகிற உப்பு, இனிப்பு, புளிப்பு, சோயா சாஸின் சுவை எல்லாம் இப்படி உள்ளே போகும். பூண்டு, எலுமிச்சைப் புல், மிளகாயின் காரம், பட்டையின் மணம் இவற்றில் பெரும்பகுதி எண்ணெயில்தான் கரையும். டோஃபுவின் ஈரத்துக்குள் அவை அதிகம் நுழையாது, வெளியேதான் நிற்கும். ஊறுகாலின் முதல் ஊறல் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டதுதான் தப்பு. ஊறவைத்தது தப்பில்லை.

வெண்கட்டி ஜனவரி 6 இரவு 10.41க்குச் சொன்னது சரி.

பிப்ரவரி 18, இரவு 10.26 | பாரக்கல்

சட்டம் இன்னொன்று வாங்க வேண்டும்.

பிப்ரவரி 24, மாலை 6.15 | ஊறுகால்

கணக்கு ஒப்படைக்கிறேன். 400 கிராம் ஃபர்ம், பிய்த்த துண்டுகள். சூடான தண்ணீர் 500 மில்லியில் உப்பு 8 கிராம், லைட் சோயா 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, எண்ணெய் கிடையாது, 20 நிமிடம். எடுத்துப் பரப்பி 10 நிமிடம், ஒற்றியெடுத்து, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 2 மேசைக்கரண்டி, உடனே வாணலி, பக்கத்துக்கு 4 நிமிடம். தனியே எண்ணெயில் பூண்டு, இஞ்சி, மிளகாய் 30 நொடி, கடைசியில் புரட்டல். கரி இல்லை. உள்ளே வெள்ளைதான், ஆனால் சப்பென்று இல்லை.

மிச்சக் கட்டி பாதி இருக்கிறது. எத்தனை நாள்?

பிப்ரவரி 24, மாலை 6.40 | கரண்டிக்காம்பு

மூடியுள்ள டப்பாவில் முழுகத் தண்ணீர், ஃப்ரிட்ஜ், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், 3 நாள். தொட்டால் வழுவழுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ எறிந்துவிடுங்கள். 3 நாளில் சமைக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால் இன்றே ஃப்ரீசருக்கு.

பிப்ரவரி 24, மாலை 6.44 | ஊறுகால்

துண்டாக்காமல்தானே?

பிப்ரவரி 24, மாலை 6.45 | பாரக்கல்

துண்டாக்காமல்.